மன்றாட்டு

2005 ஜூன் முதல் 2006 ஏப்ரல் முடிய, பென்னாகரம் வட்டத்தில் அருட்சகோதரிகள் நடத்திவந்த ஒரு பெண்கள் பள்ளியில் நாங்கள் இருவர் தமிழ் கற்பித்தோம். ஒருவர், அரசுப் பள்ளியில் பணிநிறைவு பெற்றபின் வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் வந்த புலவர். மற்றவர், முதுகலை முடித்துவிட்டுக் கல்லூரி வேலைக்குக் காத்திருந்த, இதை எழுதுகிற ஆள். மாணவியர் எங்களைப் பெரியையா என்றும் சின்னையா என்றும் அழைத்தார்கள். இருவரும் கிறித்தவர் அல்லர். பெரியையா நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் வீட்டுப் படி இறங்காத சைவர். சின்னையாவுக்குப் பக்தி குறைவு. பக்தி இலக்கியத்தில் ஈடுபாடு அதிகம். இப்படிப்பட்ட இருவர் ஓராண்டு முழுவதும் ஒரு கத்தோலிக்கச் சிற்றாலயத்தின் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். ஏன் உட்கார்ந்தோம், அங்கே எதைக் கேட்டோம் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. அங்குப் படித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டியிருப்பதால் பள்ளியின் பெயரைத் தவிர்த்து, வட்டத்தின் பெயரோடு நிறுத்திக்கொள்கிறோம்.

பென்னாகரத்தை அறியாதவர்களுக்கு ஒகேனக்கல்லைச் சொல்லித்தான் விளக்க வேண்டியிருக்கிறது. தருமபுரியிலிருந்து அருவிக்குச் செல்லும் பேருந்துகள் நின்று போகும் ஊர். காவிரி கூப்பிடு தொலைவில் ஓடினாலும் அதன் நீர் எங்கள் வயல்களுக்கு ஏறாது. மானாவாரி நிலம், கேழ்வரகும் கொள்ளும் நிலக்கடலையும் மழையை நம்பி விளைபவை. மழை பொய்த்த ஆண்டுகளில் ஆண்களும் பெண்களும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். 2002, 2003 ஆண்டுகளின் வறட்சியில் அப்படிப் போனவர்கள் பலர் 2005இலும் திரும்பியிருக்கவில்லை. பள்ளி விடுதியில் இருந்த பெண்களுள் பெரும்பாலோர் அவர்களுடைய பிள்ளைகள். அவர்களுள் கிறித்தவர் சிலரே.

தருமபுரிப் பகுதிக்குக் கத்தோலிக்க சமயம் புதிதன்று. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலிய இயேசு சபையினர் தொடங்கிய மைசூர் மிஷனின் காலடி இப்பக்கமும் பட்டிருக்கிறது. கோவிலூர் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் இம்மாவட்டத்தில் உண்டு. சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மறைமாவட்டம் ஆனது 1997இல்தான். நாங்கள் சேர்ந்தபோது அதற்கு எட்டு வயது. பள்ளிச் சமையலறையில் ஒரு பாட்டி இருந்தார். தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கக் குடும்பம். அவர் வாயில் கடவுள் இன்னும் 'சர்வேசுரன்'. சகோதரிகள் வாயில் 'ஆண்டவர்'. அவருக்குப் பூசை, இவர்களுக்குத் திருப்பலி. அவருக்கு சேசு, இவர்களுக்கு இயேசு. ஒரே கூரையின் கீழ் இரண்டு நூற்றாண்டுத் தமிழ் புழங்கியதைக் கேட்பதே எங்களுக்கு முதல் சில வாரங்களின் சுவாரசியமாக இருந்தது.

தலைமை சகோதரி முதல் நாளே எங்களிடம் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார். காலை வணக்கம் எல்லாருக்கும் பொது. சிற்றாலயத்துக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம். பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் உள்ளே உட்கார வைப்பதில்லை. இது அவருடைய தாராளம் மட்டுமன்று, சட்டமும் அதுவே. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிறுவனத்தில் பயிலும் எவரையும், அவருடைய ஒப்புதலின்றி, அவர் சிறார் எனில் பாதுகாவலரின் ஒப்புதலின்றி, சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்குபெறச் செய்யக்கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(3)ஆம் கூறு. படிவங்களில் பெரும்பாலும் கைநாட்டுகளே இருந்தன. என்ன எழுதியிருக்கிறது என்பதை ஒவ்வொருவருக்கும் படித்துக் காட்டும் வேலை எங்களுக்கு வந்தது. "சாமி கும்பிடறதுல என்னங்க கெட்டுப்போவுது" என்று சொல்லி விரலை நீட்டியவர்களே அதிகம். இரண்டு பேர் மறுத்தார்கள். அவ்விருவரின் மகள்களும் வழிபாட்டு நேரத்தில் வேப்பமரத்தடியில் படித்துக்கொண்டிருப்பார்கள். யாரும் அவர்களை ஒரு சொல் சொன்னதில்லை.

கிறித்தவப் பள்ளியில் தமிழ்ப் புலவன் என்பது தமிழுக்குப் பழகிய உருவம். ஆறுமுக நாவலர் (1822–1879) யாழ்ப்பாணத்தில் வெசுலியன் மிஷன் பள்ளியில் படித்து, அங்கேயே கற்பித்து, பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றவர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவரும் அவரே. எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) வைணவராகப் பிறந்து, சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழ்ப் பண்டிதராகச் சேர்ந்தவர். 1858இல் திருமுழுக்குப் பெற்று, பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் பாடினார். சி.வை. தாமோதரம்பிள்ளை கிறித்தவக் குடும்பத்தில் பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியில் படித்து, பிறகு சைவரானார். சங்க நூல்களையும் தொல்காப்பிய உரைகளையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த முன்னோடிகளுள் ஒருவர் அவர். வந்தவர் ஒருவர், எதிர்த்தவர் ஒருவர், வெளியேறியவர் ஒருவர். மூவரையும் உருவாக்கியதில் மிஷன் பள்ளிகளின் வழிபாட்டுக் கூடங்களுக்கும் பங்குண்டு.

"நம்ம வழி எது தம்பி, நாவலர் வழியா, கிருஷ்ணபிள்ளை வழியா?" என்று பெரியையா கேட்டுச் சிரிப்பார். எங்கள் வழி இரண்டும் அன்று. எங்களுக்குக் கொடுக்கப்பட்டது ஒரு சிறு வேலை: மாணவியர் எழுதும் மன்றாட்டுகளின் தமிழைப் பார்த்துக் கொடுக்க வேண்டும். அதற்காகவே பின்வரிசையில் உட்கார்ந்தோம். பிழை திருத்தியவர்களுக்குத் திருத்தியது எப்படி ஒலிக்கிறது என்று கேட்கும் ஆசை இருக்குமல்லவா.

*

சிற்றாலயம் என்பது பெரிய கட்டடம் ஒன்றுமில்லை. ஓடு வேய்ந்த நீண்ட அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுப் பாயில் உட்கார வேண்டும். முன்னே பீடம், அருகில் சிலுவை வைத்த குத்துவிளக்கு, சுவரோரம் நற்கருணைப் பேழை, அதன் பக்கத்தில் அணையா விளக்கு. இருபக்கச் சுவர்களிலும் சிலுவைப் பாதையின் பதினான்கு படங்கள். நாள்தோறும் மாலையில் சகோதரிகளின் செபம். மாதத்தின் முதல் வெள்ளியன்று பங்குத்தந்தை வந்து திருப்பலி நிறைவேற்றுவார்.

பள்ளியாண்டும் திருவழிபாட்டு ஆண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்து நடந்தன. ஜூனில் பள்ளி திறக்கும்போது இயேசுவின் திருஇருதய மாதம். ஜூலை 23இல் சுப்பிரமணிய சிவாவின் நினைவு நாள். அவர் 1925இல் மறைந்த பாப்பாரப்பட்டி எங்கள் வட்டத்து ஊர்தான். எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவாகப் பாரத மாதாவுக்கு ஒரு கோயில் எழுப்ப நினைத்தவர். அவரைப் பற்றிப் பேசும் பொறுப்பைப் பெரியையா ஒவ்வோராண்டும் ஏதாவதொரு பள்ளியில் ஏற்றுக்கொள்வார். அவ்வாண்டு இங்கே பேசினார். ஆகஸ்ட் 15இல் கொடியேற்றமும் மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் ஒரே நாளில். செப்டம்பர் 5 ஆசிரியர் நாள்; அன்னை தெரசா மறைந்த நாளும் அதுவே. செப்டம்பர் 8இல் மாதாவின் பிறப்பு விழா. வேளாங்கண்ணிக்குப் போக முடியாத பாட்டி அன்று சமையலறையில் மெழுகுவத்தி ஏற்றிவைத்தார். அக்டோபர் செபமாலை மாதம். மழையும் வந்தது, 2005இன் மழை அளவற்றது, காவிரியில் வெள்ளம் புரண்டது. நவம்பர் 2 கல்லறைத் திருநாள். நவம்பர் 27 திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. அன்றிலிருந்து வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுவத்திகள் ஏற்றப்பட்டன. விடுமுறை முடிந்து வந்த முதல் மாலையில், ஓராண்டுக்கு முந்தைய ஆழிப்பேரலையில் இறந்தவர்களுக்காகச் செபித்தார்கள்.

இவற்றையெல்லாம் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியும். ஆனால் கையில் நாட்காட்டி இல்லாத, பெற்றோர் எப்போது வருவார்கள் என்று தெரியாத பிள்ளைகளுக்கு, இன்ன வாரத்தில் இன்னது வரும் என்ற உறுதி எத்தனை பெரிய பிடிமானம் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தோம். மூன்றாவது மெழுகுவத்தி ஏறிவிட்டால் அடுத்த வாரம் ஊருக்குப் போகலாம். ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருவருகைக் காலம் என்றால் அவ்வளவுதான்.

*

இனி மன்றாட்டு.

திருப்பலியில் வாசகங்களும் மறையுரையும் முடிந்தபின், மக்களுள் சிலர் எழுந்து வந்து வேண்டுதல்களைச் சொல்வார்கள். ஒவ்வொன்றும் முடிந்ததும் கூடியிருப்பவர்கள் ஒரே குரலில் பதில் சொல்வார்கள். திருச்சபைக்காக, நாட்டை ஆள்வோருக்காக, துன்புறுவோருக்காக, உள்ளூர்ச் சமூகத்துக்காக என்று ஒரு வரிசை உண்டு. ஆதித் திருச்சபையில் இவ்வழக்கம் இருந்ததற்கு 2ஆம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தினின் எழுத்தில் சான்று இருக்கிறது. பிற்காலத்து இலத்தீன் வழிபாட்டில் அது மறைந்துபோய்ப் பெரிய வெள்ளியன்று மட்டும் எஞ்சியது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டு அதை மீட்டது. அதே ஆவணம்தான் இலத்தீனின் இடத்தில் மக்கள் மொழிகள் வரவும் வழிசெய்தது. பாட்டியின் இளமையில் பீடத்திலிருந்து வந்தது புரியாத மொழி. அவருடைய பேத்தி வயதுப் பெண்களோ பீடத்தருகே நின்று தம் சொந்தத் தமிழில் பேசினார்கள். இம்மாற்றத்தின் அளவு, உள்ளிருப்பவர்களைவிட, வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கே நன்றாகத் தெரிந்தது என நினைக்கிறோம்.

ஆனால் சொந்தத் தமிழ் உடனே வந்துவிடவில்லை. ஆகஸ்டில் எங்களிடம் வந்த தாள்களில் எல்லாம் அச்சுத் தமிழ். உலகிலுள்ள ஏழை எளியவர்களுக்காக, வறுமையில் வாடும் மக்களுக்காக என்று எழுதியிருந்தார்கள். எழுதியவளுடைய தாய் பெங்களூரில் சித்தாளாகக் கல் சுமந்துகொண்டிருந்தாள். ஏழைகள் வேறெங்கோ இருப்பதாக மகள் எழுதியிருந்தாள். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாத வாக்கியம். பெரியையா சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்துவிட்டு, "உனக்குத் தெரிஞ்ச ஆளுக்காகக் கேளு பாப்பா, தெரியாத ஆளுக்காகச் சாமியே கேட்டுக்குவார்" என்றார். சைவப் புலவர் வகுத்த அந்த விதி அப்பள்ளியின் மன்றாட்டு மரபாயிற்று.

பிறகு வந்த தாள்கள் வேறு மாதிரி இருந்தன. நான்காவது மாடிச் சாரத்தில் நிற்கும் அப்பாவின் கால் வழுக்கக் கூடாது. கடலைக் காட்டுக்கு யானை வரக் கூடாது. வந்தாலும் காவலுக்குப் படுத்திருக்கும் தாத்தாவை ஒன்றும் செய்யக் கூடாது. போட்ட ஆழ்துளைக் கிணற்றில் தண்ணீர் வர வேண்டும். ஒருத்தி தன் பற்களைப் பற்றி எழுதியிருந்தாள். எங்கள் மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. அதைக் குடித்து வளரும் பிள்ளைகளின் பற்களில் பழுப்புக் கறை படியும், தேய்த்தால் போகாது. சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்ளும் பழக்கம் எங்கள் பெண்களுக்கு நாணத்தால் மட்டும் வந்ததன்று. அடுத்துப் பிறக்கப்போகும் தன் தங்கைக்காவது வெள்ளைப் பற்கள் வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். அதை அவள் படித்த மாலையில் பதில்குரல் சற்றுத் தடுமாறிற்று. பாதிப் பேர் வாயை மூடியிருந்தார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டியது 2008இல். தண்ணீர் வந்தது 2013இல். அரசுக் கோப்புகளில் அதற்கு முன்பும் பல மனுக்கள் இருந்திருக்கும். நாங்கள் அறிந்த மனு இந்த ஒன்று.

மன்றாட்டு என்ற சொல்லின் மீது எங்கள் பேச்சு திரும்பியது அந்நாட்களில்தான். மன்று என்றால் அவை. ஊர்நடுவே மரத்தடியில் வழக்குக் கேட்கும் பொதுவிடம். மன்றாடுதல் அவ்விடத்தில் நின்று வாதாடுவது, இரந்து கேட்பது. தில்லை மன்றில் ஆடுபவன் ஆகையால் சிவபெருமானுக்கும் மன்றாடி என்று பெயர். சோழர் கல்வெட்டுகளிலோ, கோயில் விளக்குக்கு நெய் அளப்பதற்காக ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர்கள் மன்றாடிகள் எனப்படுகிறார்கள். ஆடவல்லான் ஒருவன், ஆயன் ஒருவன், வழக்காடுபவன் ஒருவன்: மூவரும் ஒரு சொல்லுக்குள். "இந்தச் சொல்லைத் தேடிப் பிடிச்சவன் யாரோ, நல்ல தமிழன்" என்று பெரியையா பலமுறை வியந்தார். செபம், வேண்டுதல், பிரார்த்தனை எல்லாவற்றையும் தனியறையில் செய்துகொள்ளலாம். மன்றாட்டுக்கு மட்டும் ஒரு மன்று வேண்டும். கேட்பவர்கள் வேண்டும். கடவுள் கேட்கிறாரா என்பது அவரவர் நம்பிக்கை. பக்கத்தில் இருப்பவர் கேட்டுவிட்டார் என்பதில் ஐயமில்லை.

*

2006இல் தவக்காலம் மார்ச் முதல் தேதி தொடங்கியது. அந்நாளுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்திருக்கும் பெயர் திருநீற்றுப் புதன். முந்தைய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்த சாம்பலால் நெற்றியில் சிலுவை இடுவார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்றபடி, பின்வரிசையில் இருந்த பெரியையாவின் நெற்றியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். வெளியே வந்தபோது ஒரு சிறுமி கேட்டேவிட்டாள்: "ஐயா, உங்களுக்கு மட்டும் முன்னாடியே பூசிட்டாங்களா?" அவர் உரக்கச் சிரித்தார். "எனக்குத் தினமும் திருநீற்றுப் புதன்தான் கண்ணு."

மறுநாள் மாலை, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி முதல் வெள்ளிக்கான தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கே வரிகள். ஆண்டுத் தேர்வு முடிந்ததும் வைகாசியில் தனக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். மாப்பிள்ளை மாமன் மகன். தனக்குப் பத்தாம் வகுப்பு படிக்க வேண்டும். அதற்காக எல்லாரும் வேண்டிக்கொள்ள வேண்டும். கொடுத்துவிட்டு அவள் சொன்னாள்: "எழுத்துப் பிழை இருந்தா திருத்திக் கொடுங்கய்யா. விஷயத்தை மாத்திடாதீங்க."

அவளுக்கு வயது பதினான்கு. குழந்தை மணத் தடைக்கென்று 1929 முதல் சட்டம் இருந்தது. பெண்ணுக்கு மணவயது பதினெட்டு என்பது 1978இன் திருத்தம். இன்றைய கடுமையான சட்டம் 2006இல் இயற்றப்பட்டு நடைமுறைக்கு வந்தது 2007 நவம்பரில். எந்தச் சட்டமானாலும் யாராவது போய்ச் சொன்னால்தான் அசையும். எங்கள் ஊர்களில் யாரும் யாரைப் பற்றியும் போய்ச் சொல்வதில்லை. பெற்றோர் இருவரும் வெளியூரில் கட்டட வேலையில் இருக்க, வயதுக்கு வந்த பெண்ணை யார் பொறுப்பில் விடுவது என்ற அச்சமே பெரும்பாலான இளவயது மணங்களுக்குக் காரணம். கொடுமைக்காரத் தகப்பன்கள் கதைகளில் வருமளவுக்கு வாழ்க்கையில் வருவதில்லை. பயந்த தகப்பன்களே அதிகம்.

தாளை வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் அன்று வெகுநேரம் பேசினோம். பெரியையாவுக்கு அது வாசிக்கப்படுவதில் உடன்பாடில்லை. "வீட்டு விஷயம் கோயிலேறக் கூடாது தம்பி. அந்த ஆள் ஊருக்குள்ள தலை நிமிர்ந்து நடக்க வேணாமா? என்கிட்ட எட்டாவது வரைக்கும் படிச்ச பையன் அவன்." சின்னையாவுக்கு இளமையின் வேகம். "வீட்டில் கேட்க ஆளில்லாததால்தானே ஐயா மன்றுக்கு வருகிறாள்" என்றார். முடிவு தலைமை சகோதரியிடம் போயிற்று. அவர் தாளை இருமுறை படித்தார். பெயரும் மாதமும் உறவும் வேண்டாம். ஒரு மாணவிக்காக என்றிருக்கட்டும். அவளே படிக்கட்டும் என்றார். அப்படியே எழுதிக் கொடுத்தோம். விஷயம் மாறவில்லை.

மார்ச் 3, வெள்ளி. நான்காவதாக எழுந்தவள் அவள். பத்தாம் வகுப்புக்குப் போக விரும்பும் ஒரு மாணவிக்காக, அவள் படிப்பு நிற்காதிருக்க, என்று படித்து நிறுத்தினாள். வழக்கமாக உடனே எழும் பதில் எழவில்லை. அந்த அறையில் அவளைப் போலவே மாதம் குறிக்கப்பட்ட இன்னும் சிலர் இருந்தார்கள் என்பது எங்களுக்கு அந்த மௌனத்தில்தான் புரிந்தது. வாசற்படியருகே ஈரக்கையோடு நின்றிருந்த பாட்டிதான் முதலில் குரல் கொடுத்தார். பழைய சொல்லில், சர்வேசுரனை அழைத்து. பிறகு எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள்.

ஞாயிறன்று பெரியையா தாமாகவே புறப்பட்டார். தலைமை சகோதரியையும் அழைத்துக்கொண்டார். சின்னையா உடன் சென்றார். தகப்பன் ஊருக்கு வந்திருந்த நேரம். கயிற்றுக் கட்டிலைத் துடைத்துப் போட்டார்கள், மோர் வந்தது. சகோதரி விடுதியில் பெண்ணின் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். விடுமுறையிலும் அங்கேயே இருக்கலாம் என்றார். சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை மென்மையாகச் சொன்னார். பெரியையா நெடுநேரம் மழையைப் பற்றியும் கடலை விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்துவிட்டு, எழும்போது சொன்னார்: "ஒரு வருஷம் எங்கிட்டக் கொடுடா. பத்தாவது எழுதட்டும். அப்புறம் உன் பாடு." அந்த 'டா'வில் முப்பது வருடத்துக்கு முந்தைய வகுப்பறை இருந்தது. தகப்பன் தலையைக் குனிந்துகொண்டே, "சரிங்கய்யா" என்றார்.

வரும் வழியில் சின்னையா கேட்டார்: "வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தானே ஐயா?" அவர் சொன்ன பதில் இன்றும் காதில் இருக்கிறது: "ஆமா. படிச்சிருக்க வேணாம்னுதான் இப்பவும் சொல்றேன். ஆனா காதுல விழுந்துடுச்சே தம்பி. விழுந்தப்புறம் சும்மா இருக்க முடியுமா?"

*

அவ்வாண்டுப் பெரிய வெள்ளி ஏப்ரல் 14. சித்திரை முதல் நாளும் அதுவே; பார்த்திப முடிந்து விய ஆண்டு பிறந்த நாள். ஊரெல்லாம் புத்தாண்டுக் கோலம். பள்ளியில் மணி ஒலிக்கவில்லை. பெரிய வியாழன் இரவு முதல் உயிர்ப்பு விழாத் திருவிழிப்புவரை மணிக்குப் பதில் மரக்கட்டையைத்தான் தட்டுவார்கள். விடுதியில் கிறித்தவப் பிள்ளைகள் சிலரே எஞ்சியிருந்தார்கள். பெரியையா காலையில் கோயிலுக்குப் போய்விட்டு, ஒரு தூக்குவாளியில் வேப்பம்பூப் பச்சடியோடு பள்ளிக்கு வந்தார். அன்று பாட்டிக்கு உபவாசம். மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு, "கசப்புதானே, இன்னிக்குக் கசப்பு ஆகும்" என்று ஒரு துளி நாக்கில் வைத்துக்கொண்டார்.

பெரிய வெள்ளி வழிபாட்டில் பழைய முறைப்படி பத்துப் பெருமன்றாட்டுகள் உண்டு. திருச்சபைக்காக, திருத்தந்தைக்காக என்று தொடங்கி யூத மக்களுக்காக, கிறித்துவை நம்பாதவர்களுக்காக, கடவுளையே நம்பாதவர்களுக்காக, ஆட்சியாளர்களுக்காக, துன்புறுவோருக்காக என்று முடிவன. ஒவ்வொன்றுக்கும் நடுவில் எல்லாரும் மௌனமாக இருப்பார்கள். எட்டாவது வந்தபோது பெரியையா சின்னையாவின் முழங்கையை இடித்தார். வெளியே வந்ததும் சொன்னார்: "ஏழாவது எனக்கு, எட்டாவது உனக்கு. ரெண்டு பேருக்கும் இடம் வெச்சிருக்காங்கப்பா." கேலியாகச் சொன்னதுதான். ஆனாலும் நம்மை அறியாத எத்தனையோ பேர், எத்தனையோ ஊர்களில், ஆண்டுக்கு ஒருமுறை நம்மைப் போன்றவர்களை நினைத்து ஒரு நிமிடம் பேசாமல் இருக்கிறார்கள் என்பது சாதாரணச் செய்தியன்று. நம் நம்பிக்கை மாற வேண்டும் என்ற விழைவும் அதில் கலந்திருக்கலாம். அதைத் தெரிந்துகொண்டேதான் அந்த மௌனத்தை ஏற்றுக்கொண்டோம்.

அம்மாதத்தோடு எங்கள் பணி முடிந்தது. அந்தப் பெண் ஜூனில் பத்தாம் வகுப்புக்கு வந்தாள். மறு ஆண்டு தேறினாள். மேல்நிலையில் சேர்ந்து பாதியில் நின்று, பதினேழு வயதில் அதே மாமன் மகனுக்கு மனைவியானாள். கிடைத்தது மூன்று ஆண்டுகள். இதைப் பெரிய வெற்றியாகச் சொல்ல எங்களுக்கு மனமில்லை. சிறிது என்று தள்ளவும் மனமில்லை. அவள் கையெழுத்துப் போட்டு மகளிர் குழுக் கணக்கை எழுதுகிறாள் என்றும், மகளைப் பதினெட்டுக்கு முன் கட்டிக்கொடுப்பதில்லை என்பதில் பிடிவாதமாக இருக்கிறாள் என்றும் அறிகிறோம்.

புலவர் ஐயா இன்று இல்லை. இருந்தாலும் இக்கட்டுரையை 'நாங்கள்' என்றே எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டைத் தனியொருவராக நினைவுகொள்ள இயலவில்லை.

இப்போது வேலை அரசுக் கல்லூரியில். அங்கு வழிபாடு இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. மாணவர் குறைகளைக் கேட்க ஒரு பெட்டி இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. உள்ளே விழுந்த தாளை யாரோ ஒருவர் என்றோ படிப்பார்; படித்தவர் அவர் மட்டும் என்பதால் மறந்துவிடுவதும் எளிது. அதனால் முதலாண்டுக் கட்டுரைப் பயிற்சியில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தெரிந்த ஓர் ஆளுக்கு வேண்டிய ஒன்றைப் பற்றி ஒரு பக்கம் எழுத வேண்டும். விரும்புகிறவர்கள் எழுந்து நின்று வகுப்பில் படிக்கலாம். சென்ற பருவத்தில் ஒருவன் தன் அக்காளின் கணவர் குடிப்பதைப் பற்றிப் படித்தான். இன்னொருத்தி வராத கல்வி உதவித்தொகையைப் பற்றிப் படித்தாள். அறுபது பேர் கேட்டார்கள். உதவித்தொகைக்கு மறுநாளே நான்கு பேர் அலுவலகத்துக்குப் போனார்கள். அந்தத் தாள்கள் எங்களிடம் திருத்தத்துக்கு வரும்போது எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுக்கிறோம்.